368 அடிக் கிணறும் செர்ரித் தோப்பும்

கேள்வி: இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தில் காசி மகாராஜா கிணறு வெட்டிக் கொடுத்தாராமே, உண்மையா? அடிக்கடி மழை பெய்யும் ஊரில் தண்ணீருக்கு என்ன பஞ்சம்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: உண்மைதான். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் உள்ள ஸ்டோக் ரோ கிராமம் அது. மழைக்குக் குறைவில்லை, மண்தான் காரணம். சில்ட்டர்ன் குன்றுகளின் மேல் இருக்கிற ஊர். மேலே களிமண்ணும் சரளையும், அதற்குக் கீழே சீமைச் சுண்ணாம்புப் பாறை. பெய்த மழை பாறையின் வெடிப்புகளில் இறங்கி அடியாழத்துக்குப் போய்விடும். களிமண் குழிகளில் தேங்கிய கலங்கல் தண்ணீரைத்தான் ஊரார் குடித்தார்கள். பக்கத்து இப்ஸ்டன் ஊர்க்காரரான எட்வர்ட் ரீட் இந்தியாவில் அதிகாரியாக இருந்தபோது, மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்கிடம் இந்தக் கஷ்டத்தைச் சொன்னார். மகாராஜா பணம் கொடுத்தார்.

கேள்வி: அவ்வளவு ஆழம் எப்படித் தோண்டினார்கள், எப்படி இறைத்தார்கள்?
- வாசகர், கரூர்

பதில்: முழுக்கக் கைவேலை. 1863 மார்ச்சில் தொடங்கி 1864 மே 24 அன்று திறந்தார்கள். ஆழம் 368 அடி. குறுக்களவு வெறும் 4 அடி. அந்த அகலத்தில் ஒருவர் குனிந்து மண்வெட்டி வீசுவதே சிரமம், பக்கத்தில் இன்னொருவர் நின்று வெட்ட முடியாது. கணக்குப் போட்டால் குறைந்தது 4,600 கன அடி மண்ணும் பாறையும் வாளி வாளியாக மேலே வந்திருக்க வேண்டும். சீமைச் சுண்ணாம்பு வெட்டினால் சுவர்போல நிற்கும். இடையிடையே வந்த மணல் அடுக்குதான் பொல்லாதது, சரிந்துவிடும். ஆழம் போகப்போகக் காற்றும் கெடும்.

இறைப்பதிலும் சிக்கல் ஆழம்தான். அத்தனை அடிக்கு வடமும் வாளியும் சேர்ந்தால் வெறுங்கையால் இழுக்க முடியாது. அதனால் வாலிங்ஃபோர்டு பட்டறை ஒன்று பற்சக்கரங்கள் வைத்த சுழற்றுப் பொறி செய்து கொடுத்தது. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, ஒரு வாளி மேலே வர ஏறத்தாழ 10 நிமிடம். பொறியின் மேல் பொன்னிற யானை ஒன்று நிற்கிறது, அதற்கும் மேலே குவிமாடம்.

கேள்வி: பராமரிப்புச் செலவு யார் தலையில்?
- வாசகர், நெல்லை

பதில்: இந்தக் கொடையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கிணற்றுக்கு ஆன செலவு 353 பவுண்டுக்குச் சற்று மேல். அதோடு கைகழுவிவிடாமல், பக்கத்திலேயே 4 ஏக்கர் நிலம் வாங்கிச் செர்ரித் தோப்பு போட்டார்கள். பெயர் ‘ஈஸ்வரி பாக்’. பழம் விற்ற காசு கிணற்றுக்கு. காவலர் குடியிருக்க எண்கோண வடிவில் ஒரு சின்ன வீடு. தண்ணீர் அப்போது எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது. தோப்பில் மீன் வடிவக் குளமும் உண்டு: மீன் காசி அரசின் சின்னம்.