கறிவேப்பிலையில் புழு, கண்ணாடியில் குருவி: வாசகர் கேள்வி – பதில்

வேம்பும் புங்கும் பூக்கும் பங்குனி, சித்திரையில்தான் வீட்டுத் தோட்டத்தில் பறவையும் பூச்சியும் மும்முரமாகக் குடித்தனம் நடத்துகின்றன. இந்த இதழின் கேள்விகள் எல்லாம் அதைச் சுற்றியே.

தொட்டியில் வைத்த கறிவேப்பிலைக் கன்றைப் பச்சைப் புழுக்கள் இரண்டே நாளில் மொட்டையடித்துவிட்டன. என்ன மருந்து தெளிக்கலாம்?
– வாசகி, மன்னார்குடி

எதுவும் தெளிக்க வேண்டாம். அவை எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள், அல்லது அதன் கறுப்புப் பங்காளியின் புழுக்கள். இரண்டு நாள் என்பது நம் கண்ணுக்குத்தான்; உண்மையில் அவை பத்து நாளாவது உங்கள் செடியில் இருந்திருக்கும். தாய்ப்பூச்சி கொழுந்தில் கடுகளவு வெளிர்மஞ்சள் முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போகும். மூன்று நான்கு நாளில் புழு வெளிவரும். அப்போது அது கரும்பழுப்பில் வெள்ளைத் திட்டோடு, காக்கை எச்சம் காய்ந்து ஒட்டியதுபோல இருக்கும். அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. கடைசித் தோலை உரித்ததும் பச்சையாகிறது. வாழ்நாள் தீனியில் பெரும்பங்கை இந்தச் சில நாளில்தான் தின்று தீர்க்கிறது. தலைப்பக்கம் லேசாகத் தொட்டுப் பாருங்கள்: சிவந்த கவட்டைக் கொம்பு ஒன்று வெளியே நீண்டு, காரமான வாடை அடிக்கும். பயமுறுத்தும் வேலைதான், கடிக்காது, அரிக்காது.

செய்ய வேண்டியது கணக்குப் பார்ப்பது. ஓரடிக் கன்று ஒரு புழுவைத் தாங்கலாம், ஐந்தைத் தாங்காது. மிச்சத்தைப் பெரிய எலுமிச்சை, நாரத்தை அல்லது வில்வ மரத்துக்கு மாற்றுங்கள். புழுவைப் பிடித்து இழுக்கக் கூடாது. அது இலைமேல் பட்டிழை பின்னி அதில் காலைப் பதித்து நிற்கும், இழுத்தால் கால் பிய்யும். இலையோடு காம்பை வெட்டி, துணிக்கிளிப்பால் புதிய கிளையில் மாட்டிவிட்டால் தானே நடந்துபோய்விடும். பிறகு கன்றின்மேல் பழைய கொசுவலையைப் பைபோலக் கவிழ்த்து, தொட்டியின் கழுத்தில் கட்டுங்கள். கட்டுமுன் இலையின் இருபுறமும் முட்டை இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். இல்லாவிட்டால் வலைக்குள்ளேயே விருந்து நடக்கும்.

மொட்டையான செடி பெரும்பாலும் சாவது புழுவால் அல்ல, அதன்பின் நாம் இரக்கப்பட்டு ஊற்றும் தண்ணீரால். இலை இல்லாத செடி நீரை இழுக்காது. தொட்டி மண் ஈரத்திலேயே கிடந்து வேர் அழுகும். ஓரங்குல ஆழம் மண் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். ஒரு பிடி மக்கிய தொழுவுரம் போதும். மூன்று நான்கு வாரத்தில் தளிர் வரும். இலை சுருண்டு பிசுபிசுத்தால் அது புழுவின் வேலை அல்ல, அசுவினி. தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெருமளவு போய்விடும்.

மருந்து வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அடுத்த பதிலில் சேர்த்தே சொல்கிறோம்.

சிட்டுக்குருவிக்காகப் பெட்டி மாட்டி ஒரு வருஷம் ஆகிறது. நொய்யும் வைக்கிறோம். குருவி எட்டிப் பார்க்கவில்லை. அணில்தான் நார் அடைத்து வைத்திருக்கிறது.
– வாசகர், திண்டுக்கல்

அணில் புகுந்திருக்கிறது என்றால் துளை பெரிது. சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர், அதாவது ஒன்றே கால் அங்குல விட்டம் போதும். இரண்டு அங்குலம் வைத்தால் மைனாவும் அணிலும் பிடித்துக்கொள்ளும். அந்த அளவில் துளையிட்ட தகரத் துண்டைப் பழைய துளைமேல் ஆணியடித்துவிடுங்கள். அணில் கொறித்துப் பெரிதாக்கவும் முடியாது. தகரத்தின் விளிம்பை அரத்தால் மழுக்க மறக்காதீர்கள்.

புதிதாகச் செய்வதானால் முக்கால் அங்குலப் பலகை, தரை 5 அங்குலம் சதுரம், உயரம் 8 முதல் 9 அங்குலம், துளை தரையிலிருந்து 5 அல்லது 6 அங்குலம் மேலே. அடியில் கால் அங்குலத்தில் நான்கு ஓட்டைகள். உள்ளே பெயின்ட் வேண்டாம், இழைக்கவும் வேண்டாம். சொரசொரப்பைப் பிடித்துத்தான் குஞ்சு ஏறி வரும். கடையில் விற்கும் பெட்டிகளில் துளைக்குக் கீழே ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதை வெட்டி எறியுங்கள். குருவிக்கு அது தேவையில்லை, காகத்துக்குத்தான் வசதி. சித்திரை வெயிலில் மெல்லிய பிளைவுட் பெட்டியும் தகரப் பெட்டியும் அடுப்பாகிவிடும். எட்டு, பத்தடி உயரத்தில், சன்ஷேடுக்குக் கீழே, மேற்கு வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். மின்விசிறி ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். குருவிகள் கூட்டாக வாழ்பவை என்பதால், சில அடி இடைவெளியில் இரண்டு மூன்று பெட்டிகள் இருப்பது நல்லது.

இனி தீனி. நொய், கம்பு, தினை எல்லாம் பெரிய குருவிக்கு. முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு முதல் நாட்களில் புழுவும் பூச்சியும்தான் வேண்டும். தாயும் தகப்பனும் மாறி மாறிப் பொறுக்கிக் கொண்டுவந்து ஊட்டும். பூச்சிமருந்து அடித்த தோட்டத்தில் பெட்டி எத்தனை அழகாக இருந்தாலும் பிள்ளைக்குச் சோறில்லாத வீடுதான் அது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் வந்த கிளையை வெட்டுங்கள், செடி முழுக்க மருந்தடிக்காதீர்கள். அடர்ந்த காகிதப்பூப் புதரோ எலுமிச்சையோ பக்கத்தில் இருந்தால் கூட்டமாக வந்து அடையும். ஒரு மூலையில் இரண்டடிக்குப் புழுதி மண்ணை அப்படியே விடுங்கள், புரண்டு குளிக்கும்.

ஒன்றை மறைக்கக் கூடாது: உங்கள் தெருவிலேயே குருவி இல்லை என்றால் பெட்டி அதை வரவழைக்காது. நான்கு வீடு தள்ளியாவது சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள்.

மொட்டைமாடியில் தண்ணீர் வைத்தால் கொசு வருமே?
– வாசகி, விருதுநகர்

வைத்துவிட்டு மறந்தால் வரும். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க வெயில் காலத்தில் ஏழு முதல் பத்து நாள் ஆகும். தினமும் தண்ணீரைக் கொட்டினால் வாய்ப்பே இல்லை. ஆனால் அதன் முட்டை நீர்மட்டத்துக்கு மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருந்து மாதக்கணக்கில் காய்ந்தும் உயிரோடு இருக்கும். ஆகவே குறைந்ததை நிரப்புவது மட்டும் போதாது. வாரம் இருமுறை தேங்காய் நாரால் தேய்த்துக் காயவைக்க வேண்டும். சோப்பு வேண்டாம். ஓரடி அகல மண்தட்டு, நடுவில் இரண்டங்குலத்துக்கு மேல் ஆழமில்லாமல், உள்ளே பாதி முங்கிய ஒரு செங்கல்: தேனீயும் அதில் உட்கார்ந்து குடிக்கும். பூனை பதுங்கும் தொட்டிகளிலிருந்து ஆறடி தள்ளி வையுங்கள்.

கறுப்பு வெள்ளைக் குருவி ஒன்று விடிந்ததும் ஸ்கூட்டர் கண்ணாடியைக் கொத்துகிறது. ஜன்னலில் திரை போட்டேன், இப்போது அங்கேயும் கொத்துகிறது!
– வாசகர், நாகர்கோவில்

அது வண்ணாத்திக்குருவி, குண்டுகரிச்சான் என்றும் சொல்வார்கள். கூடுகட்டும் காலத்தில் ஆண் தன் எல்லையில் இன்னொரு ஆணைச் சகிக்காது. கண்ணாடியில் தெரியும் எதிரியோ தோற்று ஓடுவதே இல்லை. உள்ளே திரை போட்டால் கண்ணாடி இன்னும் நன்றாகப் பிரதிபலிக்கும், அதுதான் நடந்திருக்கிறது. வெளிப்புறம் செய்தித்தாள் ஒட்டுங்கள். ஸ்கூட்டர் கண்ணாடிக்குப் பழைய காலுறை போதும். சில வாரத்தில் அடங்கிவிடும்.

துணி காயப்போடும் கம்பியில் தேன்சிட்டு கூடு கட்டுகிறது. கூட்டை மெதுவாக மாமரத்துக்கு மாற்றலாமா?
– வாசகி, கும்பகோணம்

மாற்றினால் அது கைவிட்ட கூடுதான். பறவை தேடி வருவது இடத்தை. பத்தடி தள்ளி வைத்தால் பழைய இடத்திலேயே சுற்றித் தவிக்கும். முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்க ஏறக்குறைய ஒரு மாதம். அதுவரை துணிக்கு வேறு கயிறு கட்டிக்கொள்ளுங்கள். கூட்டைக் கவனித்தால், தொங்கும் பையின் வாசலுக்கு மேல் சின்னத் தாழ்வாரம் இறக்கியிருப்பது தெரியும். காய்ந்த சருகு, பட்டைத்தூள் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருப்பது சிலந்தி நூல். வெளித்தாழ்வார ஒட்டடையை இந்த இரண்டு மாதம் அடிக்காமல் விட்டால் அதுவே பெரிய உதவி. கைப்பேசியோடு பக்கத்தில் போய் நிற்காதீர்கள். நீங்கள் எங்கே எட்டிப் பார்க்கிறீர்கள் என்பதைக் காகம் பார்த்துக்கொண்டிருக்கும்.

மாதுளைக் கிளையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒற்றைத் தேனடை. ஆபத்தா?
– வாசகர், ஈரோடு

கொம்புத்தேனீ. கிளையை உலுக்காதவரை கொட்டாது. தீப்பந்தமும் புகையும் வேண்டாம். பூ குறைந்ததும் தானே இடம் மாறும். குழந்தைகள் ஓடும் வழி என்றால் நடுவில் ஒரு கயிறு கட்டித் தடுத்துவிடுங்கள்.

கீழே விழுந்த குஞ்சை மனிதர் தொட்டால் தாய் சேர்க்காதாமே?
– வாசகி, தென்காசி

அப்படி இல்லை, தயங்காமல் எடுக்கலாம். இறகு முளைக்காத குஞ்சைக் கூட்டிலேயே வையுங்கள். கூடு கிழிந்திருந்தால் அடியில் ஓட்டையிட்ட சிறு கூடையில் காய்ந்த புல் பரப்பி அதே கிளையில் கட்டுங்கள். இறகு வந்து தத்தித் தாவுகிற குஞ்சு விழவில்லை, பறக்கப் பழகுகிறது. பூனைக்கு எட்டாத புதரில் ஏற்றிவிட்டு வீட்டுக்குள் வந்துவிடுங்கள், நீங்கள் அங்கே நிற்கும்வரை தாய் இறங்காது. வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.