பிள்ளை பெற்றவளுக்குத் தேங்காயெண்ணெயும் சாளையும் ஆகாதா?

கேள்வி: என் மகளுக்குப் பிரசவமாகி மூன்று மாதம் ஆகிறது. குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கிறாள். தேங்காயெண்ணெயும் சாளை மீனும் சேர்த்தால் பாலில் கொழுப்பு கூடிக் குழந்தைக்கு மாந்தம் வரும் என்று அவளுடைய மாமியார் இரண்டையும் நிறுத்திவிட்டார். கொழுப்பே இல்லாமல் சாப்பிட்டால் குழந்தையின் வளர்ச்சியும் எலும்பும் பாதிக்கப்படாதா?
– ஒரு வாசகி, கருங்கல்

பதில்: தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 4 கிராம் கொழுப்பு உண்டு, குழந்தைக்குக் கிடைக்கும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி அதிலிருந்தே வருகிறது. தாய் எண்ணெயைக் குறைத்தாலும் கூட்டினாலும் இந்த அளவு பெரிதாக மாறுவதில்லை, ஏனெனில் குறைவதைத் தாயின் உடல் தன் சேமிப்பிலிருந்து எடுத்து ஈடுசெய்துவிடுகிறது. மாறுவது கொழுப்பின் வகைதான். தாய் உண்ட எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் ஒரு நாளுக்குள்ளேயே பாலில் தென்படத் தொடங்கும். தேங்காயெண்ணெயில் பாதியளவு இருக்கும் லாரிக் அமிலம் தாய்ப்பாலில் இயல்பாகவே உள்ளது; எளிதில் செரிக்கக்கூடியது. ஆகவே தாளிக்கவும் அவியலுக்கும் வழக்கமான அளவில் அதைச் சேர்ப்பதால் மாந்தம் வரும் என்று அஞ்சத் தேவையில்லை.

சாளையை நிறுத்தியதுதான் எனக்கு வருத்தம். குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 கொழுப்பு, தாய் மீன் உண்ணும் அளவுக்கேற்பப் பாலில் கூடும் அல்லது குறையும். பாலூட்டும் தாய்க்கு அது நாளொன்றுக்குக் குறைந்தது 200 மில்லிகிராம் வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், தேங்காய் அரைத்து மாங்காய் போட்டு வைத்த சாளைக் குழம்பு போதும். பொரிப்பதைவிடக் குழம்பே நல்லது. சாளை கிடைக்காத நாளில் நெத்திலியோ அயிலையோ வாங்கலாம். பால் சுரக்கும் என்று நம் கடற்கரை ஊர்களில் சுறாப்புட்டு செய்து கொடுப்பார்கள். பெரிய சுறாக்களின் உடலில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் அவற்றை இப்போது தவிர்ப்பது நல்லது.

எலும்பைப் பற்றிய தங்கள் கேள்விக்கு ஆய்வுக்கூட எலிகளில் ஓரளவு விடை இருக்கிறது. பாலூட்டும் தாய் எலிகளின் தீனியில் ஒமேகா-6, ஒமேகா-3 ஆகிய இரு கொழுப்பு வகைகளின் விகிதத்தை மாற்றியபோது, குட்டிகளின் எடையிலும் எலும்பு வளர்ச்சியிலும் வேறுபாடு காணப்பட்டது. மனிதர்களிடம், பாலூட்டும் தாய்மார்களுக்கு மீனெண்ணெய் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் குழந்தைகளின் எடையிலோ நீளத்திலோ நிலையான மாற்றம் தென்படவில்லை. எனவே எந்த எண்ணெயையும் எலும்புக்கு மருந்தாகக் கருத வேண்டாம்.

எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து பாலில் குறைவதில்லை. தாய் போதிய அளவு உண்ணாவிட்டாலும் அவளுடைய எலும்பிலிருந்தே அது பாலுக்குப் போகும். பாலூட்டும் மாதங்களில் சற்றுக் குறையும் அவளது எலும்படர்த்தி, பால் நிறுத்திய பின் பெரும்பாலும் மீண்டுவிடும். தாய்ப்பாலில் உண்மையாகவே குறைவாக இருப்பது வைட்டமின் டி. அதனால்தான் முதல் ஆண்டு முழுவதும் குழந்தைக்கு நாள்தோறும் 400 யூனிட் சொட்டு மருந்தாகக் கொடுக்கும்படி குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். தங்கள் பேரக்குழந்தைக்கு அது கொடுக்கப்படுகிறதா என்று முதலில் பாருங்கள்.

மாமியாரம்மா எதையாவது தடுக்கத்தான் வேண்டுமென்றால், வனஸ்பதியில் செய்த பப்ஸையும் கிரீம் பிஸ்கட்டையும் தடுக்கட்டும். அவற்றில் இருக்கக்கூடிய டிரான்ஸ் கொழுப்பும் பாலில் கலக்கும்; 2022 முதல் அதற்கு 2 விழுக்காடு என்ற சட்ட வரம்பு இருந்தாலும், அந்த இரண்டும் அன்றாடத் தீனியாக வேண்டாம். குழந்தையின் எடை மாதந்தோறும் வளர்ச்சி அட்டையில் ஏறிக்கொண்டிருந்தால் பால் போதுமானதாக இருக்கிறது என்று கொள்ளலாம். ஏறாமல் நின்றால் உணவை மாற்றிப் பார்த்து நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.