லண்டனில் வேலை விசாவில் இருக்கிறோம். கவுன்சில் தேர்தலில் எங்களுக்கு ஓட்டு உண்டா? போட்டால் ஏதாவது பயன் உண்டா?

இரண்டுக்கும் ஒரே பதில்: உண்டு. முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிட்டு இரண்டாவதுக்கு வருகிறேன். நான் நிறையப் பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் யாராக இருந்தாலும், 18 வயது நிரம்பி, இங்கே தங்குவதற்குச் செல்லுபடியாகும் அனுமதியோடு வசித்தால், வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்க்கலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே காமன்வெல்த்தில்தான் இருக்கின்றன. வேலை விசா, மாணவர் விசா, துணைவர் விசா என்ற வேறுபாடு இதில் கிடையாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கவுன்சில் தேர்தலில் மட்டுமல்ல, லண்டன் மேயர் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் உங்களுக்கு ஓட்டு உண்டு.

ஐரோப்பாவிலிருந்து வந்த நம் ஆட்களுக்குத்தான் கொஞ்சம் சிக்கல். பிரெஞ்சு அல்லது ஜெர்மன் குடியுரிமை பெற்ற ஈழத் தமிழர்கள் பலர் பிறகு லண்டன் வந்து குடியேறியிருக்கிறார்கள். அவர்கள் 2020 டிசம்பர் முடிவதற்கு முன்பிருந்தே இங்கே சட்டப்படி வசித்து வந்தால் கவுன்சில் தேர்தலில் ஓட்டுப் போடலாம். நார்வே, சுவிட்சர்லாந்து குடியுரிமை மட்டும் உள்ளவர்களுக்கு இந்த உரிமை இல்லை. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஓட்டு இருக்கும், தம்பிக்கு இருக்காது.

எங்கள் தமிழ்ப் பள்ளியில் பெற்றோர்களிடம் இதைச் சொல்லும்போது உடனே வருகிற கேள்வி, "விசாவுக்கு ஏதாவது பிரச்சினை வருமா?" என்பதுதான். வராது. சட்டம் கொடுத்த உரிமையைத்தான் பயன்படுத்துகிறீர்கள். இந்தியக் குடியுரிமைக்கும் ஒன்றும் ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றால்தான் அது போகும், வேறு நாட்டில் ஓட்டுப் போட்டதால் போகாது. சொல்லப்போனால், பதிவு செய்யும்படி கவுன்சில் முறைப்படி கேட்டும் கண்டுகொள்ளாமல் இருந்தால் 80 பவுண்டு அபராதம் வரலாம். கடன் கொடுக்கும் நிறுவனங்கள் முகவரியைச் சரிபார்க்க வாக்காளர் பட்டியலைப் பார்க்கின்றன என்பதால், புதிதாக வந்தவர்களுக்கு அந்த வகையிலும் பதிவு உதவும். பதிவு இணையத்தில் சில நிமிட வேலை. நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் கையில் இருந்தால் போதும்.

சரி, போட்டு என்ன ஆகப்போகிறது?

லண்டன் ஒரே ஊராட்சியின் கீழ் இல்லை. 1965 ஏப்ரலிலிருந்து 32 பரோக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கவுன்சில். நடுவில் உள்ள பழைய 'சிட்டி ஆஃப் லண்டன்' பகுதிக்குத் தனி அமைப்பு, தனித் தேர்தல். 32 பரோக்களுக்கும் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை, மே மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், ஒரே நாளில் தேர்தல்: 2018, 2022, 2026 என்று. பரோ என்றதும் சின்ன வட்டாரம் என்று நினைக்க வேண்டாம். க்ராய்டனில் மட்டும் 2021 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 3.9 லட்சம் பேர்.

பஸ், ட்யூப், போலீஸ், தீயணைப்பு இவையெல்லாம் லண்டன் மேயரின் பக்கம். மருத்துவமனை மத்திய அரசின் பக்கம். மீதி கிட்டத்தட்ட எல்லாம் கவுன்சிலிடம்: குப்பை, தெருவிளக்கு, நூலகம், பூங்கா, பார்க்கிங், உள்தெருச் சாலைகள், கட்டட அனுமதி, கடைகளுக்கு லைசன்ஸ், வீட்டு உரிமையாளர் வாடகைக்கு விடும் வீட்டின் தரம் பற்றிய புகார், சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்கான பள்ளி ஏற்பாடு, வயதானவர்களுக்கான பராமரிப்பு. பணத்தில் பெரும்பகுதி போவது கடைசியில் சொன்ன பராமரிப்புக்கும் குழந்தைகள் நலனுக்கும்தான். குப்பைத் தொட்டி கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதைப் பற்றியே பேசுகிறோம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு உதவித் திட்டம் எழுதி வாங்க மாதக்கணக்கில் அலைகிற பெற்றோரிடம் கேட்டால் கவுன்சில் என்றால் என்னவென்று தெரியும்.

க்ராய்டன் கதையை எல்லாரிடமும் சொல்வேன். தார்ன்டன் ஹீத், நார்பரி பக்கம் நம் மக்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனாலும் அவர்களிலேயே பலருக்கு இது முழுதாகத் தெரியாது. அந்தக் கவுன்சில் வீடு கட்டுவதற்கென்று சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கி அதற்குப் பெரும் கடன் கொடுத்தது. வருமானம் வரும் என்று வணிகச் சொத்துகளை வாங்கியது. 2018-இல் ஒரு ஹோட்டலையே வாங்கியது. 2020-இல் அந்த ஹோட்டலை நடத்திய நிறுவனம் நொடித்துப்போனது. அதே ஆண்டு அக்டோபரில் தணிக்கையாளர்கள் பொது நலன் கருதி வெளிப்படையாகவே ஒரு கடுமையான அறிக்கை கொடுத்தார்கள். நவம்பரில் கவுன்சில் 114 நோட்டீஸ் போட்டது. சட்டப்படி செய்தே ஆக வேண்டியதைத் தவிர வேறு புதிய செலவு எதுவும் கிடையாது என்கிற நிலை அது. கடன் சுமார் 150 கோடி பவுண்டு.

அதன் பலன் வீட்டு வாசலுக்கு வந்தது. பொதுவாக, பராமரிப்புப் பொறுப்புள்ள கவுன்சில் தன் வரியை ஒரே ஆண்டில் 5 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஏற்ற வேண்டுமானால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். 2023-இல் அரசின் சிறப்பு அனுமதியோடு க்ராய்டன் 14.99 சதவீதம் ஏற்றியது. மாதாமாதம் கவுன்சில் டாக்ஸ் கட்டுகிற எல்லாருக்கும், விசாவில் இருப்பவர்கள் உட்பட, அந்த ஏற்றம் பொருந்தியது. ஹோட்டல் வாங்கும் முடிவை எடுத்தவர்களைத் தேர்ந்தெடுத்த நாளில், நாம் 'நமக்கென்ன' என்று வீட்டில் இருந்திருந்தால் வரி குறைந்துவிடவில்லை.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2021 அக்டோபரில் க்ராய்டன் மக்கள் வாக்கெடுப்பில், கவுன்சில் தலைவரைக் கவுன்சிலர்கள் தேர்வு செய்யும் முறை வேண்டாம், எங்கள் பரோவுக்கென்று ஒரு மேயரை நாங்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம் என்று முடிவு செய்தார்கள். 2022 மே மாதம் நடந்த அந்த முதல் மேயர் தேர்தலில் ஜேசன் பெரி, இறுதி எண்ணிக்கையில் 600-க்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். சுமார் 3.9 லட்சம் பேர் வாழ்கிற பரோவில் 600! கோயிலில் ஒரு திருவிழா நாளில் கூடுகிற நம் கூட்டம் அதைவிடப் பெரிது.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று. 2017 ஜூன் 14 அன்று எரிந்து 72 உயிர்களைப் பலிகொண்ட கிரென்ஃபெல் டவர், கென்சிங்டன் அண்ட் செல்சீ கவுன்சிலுக்குச் சொந்தமான கட்டடம். தீப் பாதுகாப்பு பற்றி அங்கே குடியிருந்தவர்கள் முன்பே எச்சரித்து எழுதியிருந்தார்கள். வெளிச்சுவருக்கு எரியக்கூடிய பலகை ஏன் வந்தது என்பதில் உற்பத்தியாளர், ஒப்பந்தக்காரர், மத்திய அரசு என்று பலருக்கும் பங்கு உண்டு. ஆனாலும் குடியிருப்போர் பேச்சுக்குச் செவிகொடுக்க வேண்டிய முதல் இடம் கவுன்சில். ஒரு கவுன்சிலர் குடியிருப்புக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்து கேட்கிற ஆளா இல்லையா என்பது சின்ன விஷயமில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது ஓட்டுச் சீட்டு. இதைத் தெரிந்துகொள்ளாமலே பலர் தங்கள் ஓட்டில் பாதியை வீணாக்குகிறார்கள். லண்டனில் பெரும்பாலான வார்டுகளில் இரண்டு அல்லது மூன்று கவுன்சிலர்கள். மூன்று இடம் உள்ள வார்டில் உங்களுக்கு மூன்று ஓட்டு. மூன்றையும் ஒரே கட்சிக்குப் போடலாம், பிரித்தும் போடலாம், ஒன்று மட்டும் போட்டு நிறுத்திக்கொள்ளவும் செய்யலாம். மூன்றுக்கு மேல் குறி போட்டால்தான் சீட்டு செல்லாது. ஒரு கட்சியில் நல்ல உழைப்பாளி ஒருவரும் இன்னொரு கட்சியில் ஒருவரும் இருந்தால் இருவருக்கும் போடலாம் என்று சொல்லும்போது, பல ஆண்டுகளாக இங்கே இருப்பவர்கள்கூட ஆச்சரியப்படுகிறார்கள்.

சீட்டில் பெயர்கள் குடும்பப் பெயரின் அகர வரிசையில் இருக்கும். ஒரே கட்சியின் மூன்று வேட்பாளர்களில் மேலே இருப்பவருக்குக் கூடவும் கீழே இருப்பவருக்குக் குறைவாகவும் ஓட்டு விழுவதைத் தேர்தல் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கவனித்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்து வரிசையில் எஸ், டி, வி என்று வருகிற நம் பெயர்கள் பெரும்பாலும் கீழேதான். அதனால் சீட்டைக் கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.

அதிக ஓட்டு பெற்ற மூவர் ஜெயிப்பார்கள், அவ்வளவுதான் விதி. இதனால் ஒரு கட்சி மொத்தமாக அள்ளிக்கொண்டு போவதும் நடக்கிறது. நியூஹாமில் 2010, 2014, 2018 என மூன்று தேர்தல்களிலும் 60 இடங்களும் லேபர் கட்சிக்கே. ரிச்மண்டில் 2022-இல் 54 இடங்களில் 48 லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு. எதிர்க்கட்சியே இல்லாத கவுன்சிலில் கணக்கைக் கேள்வி கேட்பது யார்? எனக்கு இந்த முறை பிடிக்கவில்லை, விகிதாசார முறை வர வேண்டும் என்பது என் கருத்து. அது வரும்வரை, உங்கள் மூன்று ஓட்டில் ஒன்றையாவது தட்டிக் கேட்கக்கூடிய ஆளுக்குக் கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

"எங்கள் பரோவில் எப்போதும் அவர்கள்தான் ஜெயிப்பார்கள்" என்று சொல்பவர்களுக்கு 2022 ஒரு பதில். வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் 1964-இல் நடந்த முதல் தேர்தலிலிருந்து கன்சர்வேடிவ் கையில் இருந்தது, வாண்ட்ஸ்வர்த் 1978 முதல். இரண்டும் அந்த ஒரே இரவில் லேபருக்குப் போயின. அதே தேர்தலில் நம் மக்கள் கணிசமாக வாழும் ஹாரோ, லேபரிடமிருந்து கன்சர்வேடிவுக்குப் போனது. தொலைக்காட்சியில் இதையெல்லாம் பிரதமருக்குக் கிடைத்த மார்க்காக மட்டுமே பேசினார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஹாரோவில் நூலகத்தையும் பார்க்கிங் கட்டணத்தையும் முடிவு செய்யப்போவது யார் என்பது பிரதமரின் செல்வாக்கைவிட ஹாரோக்காரர்களுக்கு முக்கியம்.

இத்தனைக்கும் 2018-இலும் 2022-இலும் லண்டன் முழுவதும் சேர்த்து வாக்குப்பதிவு 40 சதவீதத்தை எட்டவில்லை. 2010-இல் நாடாளுமன்றத் தேர்தலும் அதே நாளில் நடந்ததால் 60 சதவீதத்தைத் தாண்டியது. அதாவது ஆட்கள் இருக்கிறார்கள், கவுன்சிலுக்காக மட்டும் என்றால் கிளம்புவதில்லை. அதனால்தான் சில வார்டுகளில் கடைசி இடம் சில பத்து ஓட்டுகளில் முடிவாகிறது. சமமாக வந்துவிட்டால் குலுக்கல்தான், சட்டமே அப்படி.

யாருக்குப் போடுவது என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் எப்படிப் பார்ப்பது என்று சொல்லலாம். இப்போதைய கவுன்சிலராக இருந்தால் கவுன்சில் தளத்தில் அவருடைய வருகைப் பதிவு இருக்கும். எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் என்பதும் இருக்கும். பெரும்பாலான கவுன்சிலர்கள் 'சர்ஜரி' என்று ஒரு சந்திப்பு நேரம் வைத்திருப்பார்கள், நூலகத்திலோ சமூக மையத்திலோ. யார் வேண்டுமானாலும் போகலாம், குடியுரிமை கேட்க மாட்டார்கள். எங்கள் பக்கத்துக் குடியிருப்பில் ஒரு அக்காவின் வீட்டுச் சுவர் முழுக்க ஈரமும் பூஞ்சையும். தொலைபேசியில் புகார் செய்து செய்து ஓய்ந்துபோயிருந்தார். கவுன்சிலரைப் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான் ஆள் வந்து பார்த்தார்கள். கவுன்சிலர் வழியாகப் போகும் கேள்விக்கு அதிகாரிகள் குறிப்பிட்ட நாளுக்குள் பதில் எழுதியாக வேண்டும் என்று கவுன்சில்களில் நடைமுறை இருக்கிறது. தமிழ் பேசுகிறார் என்பதற்காக மட்டும் ஒருவருக்கு ஓட்டுப் போடாதீர்கள். அந்த அக்காவுக்கு உதவிய கவுன்சிலருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது.

நடைமுறை விஷயங்கள் சில. தேர்தலுக்கு 12 வேலை நாட்களுக்கு முன்பே பதிவு முடிந்துவிடும், தபால் ஓட்டுக்கு விண்ணப்பிக்க 11 வேலை நாட்கள். மே தொடக்கத்தில் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் தபால் ஓட்டை நம்புவதைவிட, இங்கே இருக்கும் நம்பிக்கையான ஒருவரை உங்களுக்குப் பதிலாகப் போடச் சொல்லும் 'ப்ராக்ஸி' ஏற்பாடு நல்லது. சீட்டு இந்தியாவுக்கு வந்து திரும்புவதற்குள் தேர்தலே முடிந்துவிடும். வாக்குச்சாவடி காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கும், விடுமுறை கிடையாது. படத்துடன் கூடிய அடையாள அட்டை இப்போது கட்டாயம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டும் செல்லும், மாணவர் அட்டை செல்லாது. வீட்டுக்கு வரும் வாக்காளர் அட்டை கையில் இல்லாவிட்டாலும் போடலாம். விரலில் மை வைக்க மாட்டார்கள். பென்சிலால் பெருக்கல் குறி போட வேண்டும், பென்சில் பிடிக்கவில்லை என்றால் சொந்தப் பேனா கொண்டுபோகலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நிரந்தர வசிப்புரிமை கிடைத்துவிட்டால் பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமலேயே நீங்கள் கவுன்சிலராகவும் நிற்கலாம். டெபாசிட் கிடையாது. அந்த வார்டின் வாக்காளர்களில் இருவர் முன்மொழிந்து வழிமொழிந்தால் போதும். அதே கவுன்சிலில் வேலை செய்பவராக இருக்கக் கூடாது. சம்பளம் இல்லை, படி மட்டும் உண்டு என்பதால் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டேதான் இதைச் செய்கிறார்கள். மாலை நேரக் கூட்டங்கள் நிறைய இருக்கும். உங்கள் கவுன்சிலின் கட்டட அனுமதிக் குழுக் கூட்டம் ஒன்றுக்குப் பார்வையாளராகப் போய்ப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் போகலாம், அனுமதி இலவசம். வேலை எப்படிப்பட்டது என்று அங்கேயே புரிந்துவிடும்.