ராஜாவைத் தின்ற ஓநாய்

போன இதழில் நியூட்டனின் ரசவாத ஆர்வத்தைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன். இந்த வாரத் தபாலில் பாதி அதுதான். போகரைப் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும், அது தனி வாரத்துக்கான சமாசாரம். இன்று ஐரோப்பாவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஐரோப்பிய ரசவாதப் புத்தகம் ஒன்றிலிருந்து ஒரு பழைய படம் பார்த்தேன். ராஜாவும் ராணியும் நிற்கிறார்கள். ஓரத்தில் அடுப்பில் வைத்த மூசையை (உலோகம் உருக்கும் கிண்ணம்) ஒரு ஓநாய் தாண்டுகிறது. இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா, இல்லை போதையில் வரைந்ததா? (வங்கி ஊழியர், கரூர்)

போதையெல்லாம் இல்லை. அது செய்முறைக் குறிப்பு.

என் அப்பாவுக்கு நகை வேலை. நான் வேதியியல் வாத்தியாராகப் போனாலும் வளர்ந்தது பட்டறையில்தான். பழைய நகையை உருக்கினால் தங்கத்தோடு செம்பும் வெள்ளியும் சேர்ந்தே கிடக்கும். அதைப் பிரிக்க அப்பா திராவகம் வைத்திருந்தார். அந்தப் புகை கிளம்பும் நாளில் எங்களைக் கொல்லைப் பக்கம் விரட்டிவிடுவார். திராவகத்துக்கு அவர் வைத்த பெயர் ‘மாமியார்’. தங்கத்தைத் தவிர மற்றதையெல்லாம் கரைத்துவிடும் என்பதால்!

நீங்கள் பார்த்த படம் ‘பன்னிரண்டு சாவிகள்’ என்ற நூலுக்காக வரையப்பட்டது. பேசில் வாலன்டைன் என்ற துறவியின் பெயரில் 1599-ல் ஜெர்மனியில் அச்சான நூல் அது. படங்கள் பின்னால் சேர்ந்தவை. (அப்படி ஒரு துறவி இருந்தாரா என்பதே சந்தேகம். நூலை வெளியிட்ட யோஹான் தோல்டேயே எழுதியிருக்கலாம் என்பார்கள். அவர் உப்பளத் தொழில்காரர்.) முதல் சாவி சொல்வது இதுதான்: பசித்த சாம்பல்நிற ஓநாய்க்கு ராஜாவின் உடலைத் தின்னக் கொடு. அப்புறம் பெரிய நெருப்பு மூட்டி ஓநாயை எரித்துவிடு. ராஜா மீண்டு வருவார். மூன்று முறை இப்படிச் செய்.

ராஜா தங்கம். ஓநாய் அஞ்சனக்கல், நம் வீட்டு மைக்கல்தான். கலப்படத் தங்கத்தை அஞ்சனக்கல்லோடு மூசையில் உருக்கினால், கல்லில் இருக்கிற கந்தகம் செம்பையும் வெள்ளியையும் பிடித்துக்கொண்டு மேலே மிதக்கும். தங்கம், கல்லில் இருக்கிற இன்னொரு பொருளான ஆன்டிமணியோடு சேர்ந்து அடியில் இறங்கும். ஓநாய் ராஜாவைத் தின்றாயிற்று. அடியில் நின்றதை எடுத்து, துருத்தியால் காற்றடித்துக் காய்ச்சினால் ஆன்டிமணி வெள்ளைப் புகையாகப் போய்விடும். மிஞ்சுவது சுத்தத் தங்கம். முதல் தடவையில் மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம், சரியாக வராது, அதனால் மூன்று முறை. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, “இதைச் சொல்ல ஓநாய் எதற்கு?” என்றார்.

எதற்கு என்றால், தொழில் ரகசியம் ஒன்று, பயம் ஒன்று. 1317-லேயே போப் இருபத்திரண்டாம் ஜான் ரசவாதிகளைக் கண்டித்து ஆணை போட்டுவிட்டார். இங்கிலாந்தில் 1404-ல் நான்காம் ஹென்றி காலத்துச் சட்டம் ஒன்று, பொன்னையும் வெள்ளியையும் ‘பெருக்குவது’ பெருங்குற்றம் என்றது. அது 1689 வரை இருந்தது. ராபர்ட் பாயில் முயற்சி எடுத்துத்தான் அது போயிற்று. நாம் பள்ளியில் ‘பாயில் விதி’ படித்தோமே, அதே பாயில்தான், அவரும் ரசவாதி.

சரி, எல்லாப் படத்தையும் இப்படி அவிழ்த்துவிடலாமா? முடியாது. சூரியன் தங்கம், சந்திரன் வெள்ளி, சுக்கிரன் செம்பு, செவ்வாய் இரும்பு, வியாழன் வெள்ளீயம், சனி ஈயம், புதன் பாதரசம் என்ற கணக்கு ஓரளவு நிலையானது. வேலை கருப்பில் தொடங்கி, வெள்ளைக்குப் போய், சிவப்பில் முடியும். நடுவில் மயில்தோகை நிறங்கள் வரும் என்பதிலும் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். மூசையில் உலோகம் நிறம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆனால் சூரியனை விழுங்குகிற பச்சைச் சிங்கத்தை ஆளுக்கொரு பொருளில் எழுதினார்கள். ராஜா செத்து எழுவதில் ஏசுவின் உயிர்த்தெழுதலைப் பார்த்தவர்களும் உண்டு. மிகாயேல் மாயர் என்ற ரசவாதி 1617 வாக்கில் ஐம்பது படங்கள் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று குரல் பாட்டு எழுதி ஒரே புத்தகமாகப் போட்டார். பார்க்கவும் படிக்கவும் பாடவும் ஒரு செய்முறை நூல்!

1944-ல் மனோதத்துவ அறிஞர் யுங் இதையெல்லாம் மனத்துக்குள் நடக்கிற மாற்றத்தின் உருவங்கள் என்று தடிமனாக ஒரு நூல் எழுதினார். சுவையான நூல்தான். ஆனால் அவர் அடுப்பை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தார் என்பது என் எண்ணம். நம் காலத்து வரலாற்றாசிரியர் லாரன்ஸ் பிரின்சிபே அடுப்பை மறுபடி பற்றவைத்தவர். பதினேழாம் நூற்றாண்டுக் குறிப்புகளைப் பின்பற்றி, பாதரசத்தையும் தங்கத்தையும் குடுவையில் வைத்து வாரக்கணக்கில் சூடாக்கினார். உள்ளே கிளைவிட்டு ஒரு மரம் முளைத்தது. ‘தத்துவஞானிகளின் மரம்’ என்று அவர்கள் எழுதியது கண்ணால் பார்த்ததைத்தான்.

எங்கள் ஆங்கில இலக்கியப் பாடத்தில் ரசவாதி என்றாலே ஏமாற்றுக்காரன். நியூட்டன் எப்படி இந்தக் கூட்டத்தில் சேர்ந்தார்? (எம்.ஏ. மாணவி, திருநெல்வேலி)

கூட்டம் ஒன்றல்ல, இரண்டு. இரண்டுக்கும் மூசை ஒன்றே என்பதுதான் சிக்கல்.

பழைய ஆங்கிலக் கவி சாசர் ‘கேனன்ஸ் யோமன்’ (பாதிரியின் வேலைக்காரன்) கதையில் காட்டும் வித்தையைக் கவனியுங்கள். கரித்துண்டைக் குடைந்து, உள்ளே வெள்ளித்தூளை வைத்து, மெழுகால் அடைத்து, அடுப்பில் மூசைக்கு மேலே வைக்கிறான் மோசடிக்காரன். மெழுகு உருகுகிறது, வெள்ளி மூசைக்குள் விழுகிறது. பக்கத்தில் நிற்கும் பாதிரி வாய்பிளந்து, நாற்பது பவுண்ட் கொடுத்து ‘ரகசியத்தை’ வாங்குகிறார். எங்கள் தெருவிலும் நகைக்கு மெருகு போடுகிறேன் என்று ஒருவன் வருவான். வளையல் பளபளவென்று திரும்பி வரும், எடை மட்டும் குறைந்திருக்கும். அதனால் அந்தப் பாதிரியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் கதை சொல்கிற வேலைக்காரனையும் பாருங்கள். ஏழு வருடம் அடுப்பூதி, சிவந்திருந்த முகம் ஈயமாய்ப் போய், கடனாளியாக நிற்கிறான்.  அவனையும் அவன் எஜமானையும் ஏமாற்றியது அவர்கள் நம்பிக்கைதான். நல்ல பரீட்சை விடைக்கு இவனைப் பற்றி எழுதுங்கள்.

இத்தாலியக் கவி தாந்தே கடுமையானவர். நரகத்தின் எட்டாம் வட்டத்தில், கடைசிப் பள்ளத்தில், உடம்பெல்லாம் சொறியோடு பிறாண்டிக்கொண்டே இருக்கும்படி ரசவாதிகளைப் போட்டார். அவர்களில் ஒருவரான கபோக்கியோ 1293-ல் சியெனாவில் எரிக்கப்பட்ட நிஜ மனிதர். பென் ஜான்சனின் 1610 நாடகமோ முழுக்கச் சிரிப்பு: கொள்ளைநோய்க்குப் பயந்து எஜமானர் லண்டனை விட்டுப் போக, காலி வீட்டில் வேலைக்காரனும் இரண்டு எத்தர்களும் கடை விரிக்கிறார்கள். ஜான்சன் அள்ளிவீசும் கலைச்சொற்கள் அசலானவை. படிக்காமல் கேலி செய்யவில்லை அவர்.

நியூட்டன் இன்னொரு கூட்டம். ரசவாதம் பற்றி அவர் கைப்பட எழுதியது ஏறக்குறைய பத்து லட்சம் சொற்கள். அந்தத் தாள்கள் 1936-ல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது நிறைய வாங்கிப்போட்டவர் பொருளாதார மேதை கீன்ஸ். நியூட்டன் “மந்திரவாதிகளில் கடைசி ஆள்” என்று எழுதியவரும் அவரே. நான் அப்படிச் சொல்லமாட்டேன். எடை போட்டு, அளந்து, எரித்து, குறித்துவைத்தவரை மந்திரவாதி என்பானேன்? 1696-ல் அவருக்கு அரசு நாணயச்சாலையில் வேலை கிடைத்தது. கள்ளநாணயக்காரர்களைத் துரத்தித் துரத்திப் பிடித்தார். சாலோனர் என்பவன் 1699-ல் தூக்கில் தொங்கினான்.

ஹாரி பாட்டரில் வரும் நிக்கோலா ஃபிளமெல் உண்மையா? (ஏழாம் வகுப்பு, மதுரை)

ஆள் உண்மை, கண்ணு. பாரிஸில் எழுத்தராக இருந்தார், 1418-ல் இறந்தார். 1407-ல் அவர் கட்டிய வீடு இன்னும் நிற்கிறது. ரசவாதி என்ற பெயர், அவர் எழுதியதாகச் சொல்லி 1612-ல் வந்த புத்தகத்தால் கிடைத்தது. செத்து இருநூறு வருடம் கழித்து!

கடைசியில் யாராவது தங்கம் செய்தார்களா? (ஓய்வுபெற்ற தாசில்தார், தஞ்சாவூர்)

செய்தார்கள். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் ஈய அணுக்கருக்களை மோதவிட்டபோது, 2015 முதல் 2018 வரை உண்டான தங்கம் 29 பிக்கோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் 29 பங்கு. அதுவும் கண்ணிமைக்கும் முன் சிதறிப்போனது. மூக்குத்திக்குக்கூட ஆகாது.

பழைய காலத்தில் எனக்குப் பிடித்த ஆள் ஜெர்மன் ரசவாதி போட்கர். தங்கம் செய்வேன் என்று பெர்லினில் வாய்விட்டு, 1701-ல் சாக்சனிக்கு ஓடி, அங்கே அகஸ்டஸ் மன்னரின் காவலில் மாட்டிக்கொண்டார். தங்கம் வரவில்லை. ஆனால் 1708-ல், அதுவரை சீனாவிலிருந்து கொள்ளை விலைக்கு வந்த வெள்ளைப் பீங்கானின் பக்குவம் அவருக்குப் பிடிபட்டது. 1710-ல் சாக்சனியின் மைசன் ஊரில் பீங்கான் ஆலை எழுந்தது, இன்றும் ஓடுகிறது. ரகசியம் வெளியே போய்விடும் என்று மன்னர் அவரை 1714 வரை விடவில்லை. 1719-ல், 37 வயதில், கடனோடு செத்துப்போனார்.