தோள் வலியும் பிளஸ் டூவும்: நீச்சல் வீராங்கனையின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

சனிக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அறைக்கு மகளோடு வந்திருந்தீர்கள். நீங்கள் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் என் கண் அவள் வலது கை மேலேயே இருந்தது. புத்தகப் பை இடது தோளில். அவிழ்ந்த முடியைக் கட்டக் கையைத் தூக்கியவள், காது உயரம் வருமுன்னே முகம் சுளித்து இறக்கிவிட்டாள். நீட் வருகிறதே, நீச்சலை நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்கள். ‘ஸ்போர்ட்ஸ் மெடிசின்’ (விளையாட்டு மருத்துவம்) படிக்கப்போகிறேன் என்கிறாளே, அது பிழைப்புக்கு ஆகுமா என்றும் கேட்டீர்கள். முதலில் அந்தத் தோளைப் பார்ப்போம்.

தினம் நாலு கிலோமீட்டர் நீந்துகிறாள். 50 மீட்டருக்கு நாற்பது தடவை கை போடுவதாகச் சொன்னாள். அப்படியானால் ஒரு நாளைக்கு 3,200 வீச்சு, ஒரு தோளுக்கு 1,600. வாரம் ஆறு நாள் என்றால் ஒரே தோள் 9,600 தடவை சுழல்கிறது. தோள் மூட்டின் குழி ஆழமில்லாதது. சுற்றியிருக்கும் சின்னச் சின்னத் தசைகள்தான் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. அவை களைத்துப்போனால் வலி வரத்தான் செய்யும். 1974-லேயே மருத்துவர்கள் இதற்கு ‘ஸ்விம்மர்ஸ் ஷோல்டர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தைலம் தேய்த்து, மாத்திரை போட்டு, அடுத்த போட்டிக்கு அனுப்பி வைக்கிற வலி இல்லை இது.

விளையாட்டு மருத்துவம் தெரிந்தவர் எடுத்த எடுப்பில் ஸ்கேன் எழுதமாட்டார். கடந்த சில வாரங்களில் தூரத்தை எவ்வளவு கூட்டினாய், உள்ளங்கையில் பேடில் என்கிற தகட்டை மாட்டி நீந்துகிறாயா, மூச்சுக்கு எந்தப் பக்கம் திரும்புகிறாய் என்று கேட்பார். தோள்பட்டை எலும்பு எப்படி நகர்கிறது என்று பின்னால் நின்று பார்ப்பார். பிறகு கோச்சிடம் பேசுவார்: கொஞ்ச நாளைக்குப் பேடில் வேண்டாம், கை வேலையைக் குறைத்துக் கால் உதைப்பைக் கூட்டுங்கள், தினமும் ரப்பர் பேண்ட் பயிற்சி செய்யட்டும். பல நேரம் தண்ணீரை விட்டே வெளியே வர வேண்டியிருக்காது.

நம் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷுக்குக் கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு (டிஸ்க்) பிதுங்கித் தோளும் கையும் பாதித்தன. அதிலிருந்து மீண்டு 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையை 1 நிமிடம் 56.38 வினாடியில் நீந்தினார். ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி தரும் ‘ஏ’ தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் அவர்தான். அந்த மீட்சி தானாக வந்துவிடவில்லை. உடலைத் தெரிந்தவர்கள் கூட இருந்தார்கள்.

இன்னொன்று, இதை அவசியம் மனதில் வையுங்கள். இருமலுக்குக் கடையில் வாங்கும் பல சிரப்புகளில் டெர்பியூட்டலின் இருக்கிறது. அது உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான ‘வாடா’வின் தடைப் பட்டியலில் உள்ள மருந்து. போட்டிக்குப் போகிற பிள்ளைக்குச் சீட்டு எழுதுகிற டாக்டரிடம் ‘இவள் போட்டி நீச்சல்காரி’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

இனி படிப்பு. ஸ்போர்ட்ஸ் மெடிசின் என்பது பிளஸ் டூ முடித்ததும் நேரே சேர்கிற படிப்பு இல்லை. எம்பிபிஎஸ் ஐந்தரை ஆண்டு முடித்து, அதன்பின் மேற்படிப்புக்கான நீட் பிஜி தேர்வு எழுதி அந்தப் பிரிவில் எம்டி போவது ஒரு வழி. மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் பிசியோதெரபி: அதன் இளநிலைப் பட்டமான பிபிடி முடித்து, முதுநிலையான எம்பிடியில் விளையாட்டுப் பிரிவு. என்னைக் கேட்டால் இவளுக்கு இரண்டாவதுதான் பொருத்தம். வலிக்கிற பிள்ளை பக்கத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்து கையைத் தூக்கிவிடுகிற வேலை அது, இவளுக்கு அந்தப் பொறுமை இருக்கிறது. புதுச்சேரி கோரிமேட்டில் அன்னை தெரசா நிறுவனத்தில் பிபிடி உண்டு. ஆனால் புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியான இடங்களில் புதுச்சேரி குடியிருப்பு உள்ளவர்களுக்கே முன்னுரிமை. அதனால் தமிழ்நாட்டுக் கலந்தாய்வைத்தான் முதலில் பாருங்கள். 2021-ல் வந்த துணைமருத்துவப் படிப்புகளுக்கான சட்டத்துக்குப் பிறகு விதிகள் மாறி வருகின்றன. போன வருடம் சேர்ந்தவர் சொல்வதை வைத்து முடிவெடுக்காமல், அந்தந்த வருட அறிவிப்பைப் படியுங்கள்.

மருத்துவப் பக்கமே வேண்டாம் என்றால் விளையாட்டு அறிவியல் இருக்கிறது. மேலக்கோட்டையூர் உடற்கல்வியியல் பல்கலைக்கழகம், போரூர் ஸ்ரீராமச்சந்திரா இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஆறு மாதச் சான்றிதழை மட்டும் நம்பிவிடாதீர்கள். அப்படி ஒன்றை வாங்கிவந்த என் மாணவன் ஒருவனை எந்த மருத்துவமனையும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவன் அப்பா கடன் வாங்கிக் கட்டிய பணம் அது. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

நீச்சலை நிறுத்த வேண்டாம். பரீட்சை முடியும்வரை பாதியாகக் குறைக்கலாம். மாநிலப் போட்டிச் சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள், விளையாட்டு ஒதுக்கீட்டுக்குத் தேவைப்படும். இந்த வாரமே ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் தோளைக் காட்டுங்கள். அவர் என்ன கேட்டார், எங்கே அழுத்திப் பார்த்தார், என்ன பயிற்சி கொடுத்தார் என்று அவளே ஒரு நோட்டில் எழுதட்டும். அடுத்த முறை வரும்போது அந்த நோட்டையும் கொண்டு வரச் சொல்லுங்கள்.