ஐடிலிங்கில் மட்டும் எஞ்சின் அணைவது குறித்து

வேகத்தில் குறையின்றி ஓடும் உங்கள் பழைய கார், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அணைந்துவிடுகிறது என்றும், ஐடிலிங்கைச் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடுவதை) சரிசெய்யும் ஐடில் ஸ்க்ரூவைத் திருகியும் பயனில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேகத்தில் ஓடும்போது பெட்ரோல் தரும் சிறு துளையான மெயின் ஜெட் ஒழுங்காக வேலை செய்வதால் பெட்ரோல் பம்பை இப்போதைக்கு விட்டுவிடலாம்; ஐடிலிங்கின்போது பெட்ரோல் தரும் ஐடில் ஜெட் அடைத்திருக்கவே வாய்ப்பு அதிகம். எனினும், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் ஐடில் கட்-ஆஃப் சோலனாய்டு (ஐடிலிங்குக்கான பெட்ரோலைத் திறந்து மூடும் மின் வால்வு) இருந்தால், சாவியை ஆன் செய்யும் நொடியில் அதிலிருந்து 'டிக்' என்ற ஒலி வருகிறதா என்று முதலில் கவனியுங்கள். வராவிட்டால் வயரிலோ சோலனாய்டிலோதான் கோளாறு. ஜெட்டைக் கழற்றினால் கம்பியால் மட்டும் குத்தாதீர்கள் (பலரும் செய்வது இதைத்தான்). பித்தளைத் துளை இம்மியளவு அகன்றாலும் கலவை கெட்டுவிடும் என்பதால், கார்புரேட்டர் கிளீனரை அடித்து, அழுத்தக் காற்றால் ஊதினால் போதும். அதற்குப் பிறகும் அணைந்தால், காற்றைக் குறைக்கும் சோக்கைச் சற்றே இழுத்துப் பாருங்கள். அப்போது ஐடிலிங் நிலைத்தால், கார்புரேட்டரின் அடிப்பக்க கேஸ்கெட் (இணைப்பில் காற்று கசியாமல் அடைக்கும் தகடு) வழியாகவோ வெடிப்பு விட்ட வேக்யூம் குழாய் வழியாகவோ காற்று உள்ளே புகுகிறதா என்று பார்க்க வேண்டும்.