ஃபிளாப் இல்லாத லேசர்: கண்ணாடியைக் கழற்ற நினைப்பவர்களின் கேள்விகள்

லாசிக், பி.ஆர்.கே., ஸ்மைல் என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். இதில் ஃபிளாப் இல்லாதது எது? எதைத் தேர்ந்தெடுப்பது?

பி.ஆர்.கே., ஸ்மைல் இரண்டிலுமே ஃபிளாப் கிடையாது.

கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கண் சற்று நீளமாக இருக்கும். சிலருக்குக் கருவிழியின் (கார்னியா, கண்ணின் முன்பக்கத்துத் தெளிவான படலம்) வளைவு அதிகமாக இருக்கும். அதனால் தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. கருவிழியின் நடுப்பகுதியைக் கொஞ்சம் தட்டையாக்கினால் பிம்பம் பின்னால் நகர்ந்து விழித்திரை மேல் விழும். மூன்று சிகிச்சையும் செய்வது இதைத்தான். உள்ளே போகிற வழிதான் வேறு.

லாசிக்கில் கருவிழியின் மேற்பகுதியை ஏறக்குறைய 20 மி.மீ. நீளத்துக்கு வட்டமாக வெட்டி, ஓர் ஓரத்தை மட்டும் விட்டுவைத்து, கதவு மாதிரி திறப்பார்கள். இந்தப் படலம்தான் ஃபிளாப். அதன் அடியில் எக்ஸைமர் லேசரால் செதுக்கிவிட்டு, பழையபடி மூடிவிடுவார்கள்.

பி.ஆர்.கே. மூன்றிலும் மூத்தது. மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. அதற்கு 1995-ல் அனுமதி தந்தது. கருவிழியின் மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு, அதே எக்ஸைமர் லேசரால் நேரடியாகச் செதுக்குவார்கள். மேல்தோல் சில நாட்களில் திரும்ப வளர்ந்துவிடும். அதுவரை வலி, கூச்சம், கண்ணீர் எல்லாம் இருக்கும். புண் ஆறும்வரை ஒரு மெல்லிய கான்டாக்ட் லென்ஸைக் கண்ணில் விட்டுவைப்பார்கள். பார்வை முழுதாகத் தெளிய வாரக்கணக்கில் ஆகும்.

ஸ்மைலில் மேற்பரப்பைத் திறப்பதே இல்லை. ஃபெம்டோசெகண்ட் லேசர் கருவிழியின் உள்ளேயே லென்ஸ் வடிவத்தில் ஒரு மெல்லிய திசுவை வெட்டிப் பிரிக்கும். 2 முதல் 4 மி.மீ. அளவுள்ள ஒரு சின்னக் கீறல் வழியாக மருத்துவர் அதை இடுக்கியால் வெளியே எடுப்பார். எஃப்.டி.ஏ. இதற்கு 2016-ல் அனுமதி அளித்தது.

எது நல்லது? சில மாதம் கழித்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் மூன்றின் முடிவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். முதல் சில நாட்களில் லாசிக் சீக்கிரம் தெளியும், ஸ்மைல் சற்றுத் தாமதமாகும், பி.ஆர்.கே. இன்னும் தாமதம். எனவே எது புதியது என்று கேட்காதீர்கள். “என் கருவிழிக்கு எது பொருந்தும், ஏன்?” என்று கேளுங்கள். அந்த ‘ஏன்’ என்பதற்கு உங்கள் பரிசோதனை முடிவுகளைக் காட்டி விளக்குகிற மருத்துவரிடம் கண்ணைக் கொடுக்கலாம்.

எனக்கு மைனஸ் 9 பவர். கருவிழியின் தடிமன் 485 மைக்ரான் என்றார்கள். ஸ்மைல் செய்யலாமா?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணத்தைக் கணக்கோடு பார்த்தால் உங்களுக்கே புரிந்துவிடும்.

சராசரிக் கருவிழியின் தடிமன் 540 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருக்கும். உங்களுடையது அதைவிட மெலிது. ஸ்மைலில் மேலே ஏறக்குறைய 120 மைக்ரானைத் தொடாமல் விட்டு, அதற்குக் கீழேதான் வெட்டுவார்கள். மைனஸ் 9-க்கு வெளியே எடுக்க வேண்டிய திசு, தோராயமாக 140 மைக்ரான். 485-ல் இரண்டையும் கழித்தால் அடியில் மிஞ்சுவது 225. குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. மருத்துவர்களில் நிறையப் பேர் அதற்கும் மேலே வைத்துக்கொள்வதையே விரும்புகிறோம். அடித்தளம் பலவீனமானால் கருவிழி மெல்ல முன்பக்கம் புடைக்கத் தொடங்கும். அதன் பிறகு கண்ணாடி போட்டாலும் பார்வை தெளிவாக இருக்காது.

பி.ஆர்.கே.யில் இந்த 120 மைக்ரான் செலவு இல்லை. கணக்குப்படி இடம் இருக்கிற மாதிரித் தோன்றும். ஆனால் இவ்வளவு அதிகப் பவரை மேற்பரப்பில் செதுக்கினால், ஆறும்போது கருவிழியில் புகைமூட்டம் போன்ற மங்கல் படிய வாய்ப்பு அதிகம்.

உங்களைப் போன்றவர்களுக்கு ஐ.சி.எல். என்று ஒரு வழி இருக்கிறது. கருவிழியைக் குறைக்காமல், ஐரிஸுக்கு (கண்ணின் நிற வளையம்) பின்னால், இயற்கை லென்ஸுக்கு முன்னால் ஒரு மெல்லிய லென்ஸைப் பொருத்துவது. தேவைப்பட்டால் வெளியே எடுத்துவிடவும் முடியும். கண்ணின் முன்னறையில் போதிய ஆழம் இருக்கிறதா, கருவிழியின் உட்புறச் செல்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இது கண்ணுக்குள் செய்யும் அறுவை சிகிச்சை என்பதையும் மனதில் வையுங்கள். அதற்குரிய ஆபத்துகள் உண்டு, வருடாவருடம் பரிசோதனைக்கும் போக வேண்டும்.

லேசர் ஓடும்போது கண்ணை அசைத்துவிட்டால் என்ன ஆகும்?

பலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கிற பயம் இது. ஸ்மைலில் ஒரு வளைந்த கண்ணாடிக் கருவி கண்ணை மெதுவாக உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். லேசர் வெட்டும் நேரம் ஒரு கண்ணுக்கு அரை நிமிட அளவுதான், புதிய கருவிகளில் அதைவிடக் குறைவு. மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவதால் வலி தெரியாது, ஓர் அழுத்தம் மட்டும் தெரியும். அப்போது எதிரே தெரியும் ஒளிப்புள்ளி மங்கலாம். பதறி அதைத் தேடிக் கண்ணைத் திருப்பாதீர்கள், அசையாமல் இருந்தால் போதும்.

அரிதாக அந்தப் பிடி விலகிவிடும். உடனே லேசர் தானாக நின்றுவிடும். எந்தக் கட்டத்தில் நின்றது என்பதைப் பொறுத்து, அப்போதே தொடர்வார்கள், அல்லது அன்றைக்கு நிறுத்திவிட்டு, பிறகு வேறு முறையில் முடிப்பார்கள். நிறுத்திவிட்டார்களே என்று வருத்தப்பட வேண்டாம், அதுதான் கண்ணுக்குப் பாதுகாப்பு.

கான்டாக்ட் லென்ஸ் போட்டால் கண் உறுத்துகிறது. அதனால்தான் லேசருக்கு வர நினைக்கிறேன். ஃபிளாப் இல்லாவிட்டால் கண் வறளாது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. கருவிழியின் உணர்வு நரம்புகள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வருகின்றன. லாசிக்கின் வட்ட வெட்டு அவற்றில் பெரும்பகுதியைத் துண்டித்துவிடும். ஸ்மைலின் சின்னக் கீறல் குறைவாகத் துண்டிக்கும். அதனால் முதல் சில மாதங்களில் வறட்சி குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. வறட்சியே வராது என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை வேறு. லென்ஸ் உறுத்துகிறது என்றால், கண் ஏற்கெனவே வறண்டிருக்கலாம். இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருக்கலாம். முதலில் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். வறண்ட கண்ணில் எடுக்கிற அளவுகளே தப்பாக வரும், அந்த அளவை நம்பி லேசர் செய்தால் பவரும் தப்பும்.

அப்புறம், பரிசோதனைக்கு முன்பு லென்ஸை நிறுத்த வேண்டும். மென்மையான லென்ஸ் என்றால் ஒன்று, இரண்டு வாரம். கடின லென்ஸ் என்றால் ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும். லென்ஸ் கருவிழியின் வடிவத்தை அமுக்கி வைத்திருக்கும், அது தன் வடிவத்துக்குத் திரும்பிய பிறகு அளந்தால்தான் சரி.

அண்ணனுக்குக் கெரட்டோகோனஸ். எனக்குப் பவர் மைனஸ் 3 மட்டும்தான். அடிக்கடி கண்ணைக் கசக்குவேன். ஃபிளாப் இல்லாத முறை என்றால் பயமில்லைதானே?

பயம் இருக்கிறது. தயவுசெய்து அவசரப்படாதீர்கள். கெரட்டோகோனஸ் என்பது கருவிழி மெலிந்து கூம்பு போலப் புடைக்கும் நோய். அது குடும்பத்தில் வரக்கூடியது, கண்ணைக் கசக்குவதால் மோசமாகக்கூடியது. அதன் சாயல் தெரிந்தால்கூட மூன்று சிகிச்சையும் ஆகாது. ஃபிளாப் இல்லை என்பதால் பலவீனமான கருவிழி பலமாகிவிடாது. முன்பரப்பு, பின்பரப்பு இரண்டையும் அளக்கும் கருவிழி வரைபடப் பரிசோதனை செய்யுங்கள். ஆரம்ப நிலை அறிகுறி மைனஸ் 3 காரரிடமும் ஒளிந்திருக்கலாம். அரிப்புக்குக் காரணம் ஒவ்வாமை என்றால் அதற்கு மருந்து எடுங்கள், கசக்குவதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

வயது 19. போன வருடத்தில் பவர் அரை கூடியது. இப்போதே செய்யலாமா?

பொறுங்கள். பவர் குறைந்தது ஒரு வருடமாவது மாறாமல் இருக்க வேண்டும். எஃப்.டி.ஏ. ஸ்மைலுக்கு வைத்த கீழ் வயதே 22. இப்போது செய்தால் கண்ணாடி திரும்ப வரும். ஸ்மைலில் திரும்பத் திறக்க ஃபிளாப் இல்லாததால், இரண்டாம் முறை பெரும்பாலும் பி.ஆர்.கே.தான்.

குத்துச்சண்டை பழகுகிறேன்.

உங்களுக்கு ஃபிளாப் இல்லாத முறைதான் பொருத்தம். லாசிக் ஃபிளாப், பலத்த அடி பட்டால் வருடங்கள் கழித்தும் விலகியதுண்டு. ஆனால் கிட்டப்பார்வைக் கண்ணில் அடி விழுந்தால் விழித்திரைக்கும் ஆபத்து. கண்மணியை விரிய வைத்து விழித்திரையை முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள், அதன் பிறகு லேசரைப் பற்றிப் பேசலாம்.

குழந்தைக்குப் பாலூட்டுகிறேன்.

நிறுத்தி, ஹார்மோன்கள் நிலைக்கு வந்து, பவர் மாறவில்லை என்று உறுதியான பிறகு வாருங்கள்.

வயது 43, மைனஸ் 2. இனி கண்ணாடியே வேண்டாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் வயதில் வெள்ளெழுத்து தொடங்கிவிடும். இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புத்தகம் படிக்கிறீர்கள் அல்லவா? அந்த வசதியைக் கொடுப்பதே மைனஸ் 2-தான். தூரத்தைச் சரிசெய்தால் அது போய், படிக்கக் கண்ணாடி தேவைப்படும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் வைக்கும் முறை உண்டு. முதலில் கான்டாக்ட் லென்ஸ் போட்டு சில நாள் பழகிப் பாருங்கள், எல்லோருக்கும் அது ஒத்துவராது.

சிகிச்சை முடிந்து இரண்டு வருடம். பார்வை நன்றாக இருக்கிறது. இன்னும் கண் டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

கண்டிப்பாக, வருடம் ஒருமுறை. லேசர் மாற்றியது கருவிழியை மட்டும். உங்கள் கண்ணின் நீளம் அப்படியேதான் இருக்கிறது. நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும், கிழியவும் விலகவும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். திடீரென்று நிறையக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, மின்னல் வெட்டினாலோ, ஓரத்தில் திரை விழுந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

இன்னொன்று. மெலிந்த கருவிழியில் கண் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். லேசர் செய்ததைச் சொல்லாவிட்டால், பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா என்ற நோய் கண்டுபிடிக்கப்படாமல் தப்பிப் போகலாம். பின்னாளில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போதும் பழைய அளவுகள் உதவும். எனவே சிகிச்சைக்கு முந்தைய பவர், கருவிழியின் வளைவு, தடிமன் மூன்றும் உள்ள அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு வருடம் ஆகியிருந்தாலும் சிகிச்சை செய்த இடத்தில் பெரும்பாலும் இருக்கும், இப்போதே கேளுங்கள்.